நாரை இறங்காத குளம்

அத்தையைக் குளத்திலிருந்து வெளியே கூப்பிடுங்கள் என்று ஸனாபர் கேட்டபோது அவளுடைய அப்பா மத்யாகுப் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார். பிட்ட துண்டு கையிலேயே நின்றது. அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். செருப்பு, காதணி, தாஷ்கண்டுக்குப் போய்ப் படிக்க அனுமதி என எல்லாமே அழுதோ அடம்பிடித்தோ கிடைத்துவிடும். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று, அவள் பேசப் பழகிய வயதிலேயே அம்மா காதைத் திருகிச் சொல்லியிருந்தாள். அத்தை பிகாஜான், ஸனாபர் பிறப்பதற்கு முன்பிருந்தே, வீட்டுக்குப் பின்னாலிருந்த மீன் குளத்தில் முழங்காலளவு தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். நாரைகள் மீனைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக.

அவர்கள் ஊரான காராயாப்பில் வீட்டுக்கு வீடு குளம் உண்டு. வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டு, கெண்டைக் குஞ்சுகளை விட்டு, பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார்கள். மகன் கல்யாணத்துக்குச் சந்தை மீனைப் பொரித்துப் போட்டவனைப் பற்றி, அந்த மகனுக்கு மகன் பிறந்த பிறகும் ஊர் பேசிக்கொண்டிருக்கும். மத்யாகுப் குளம் வெட்டிய வருடம், முதல் குஞ்சுகள் விரல் நீளம் வளர்வதற்குள் நாரைகள் வந்து சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயின. மறுவருடம் வலை கட்டினார். அதில் பக்கத்து வீட்டுப் பூனை மாட்டிக்கொண்டது. துள்ளிய கெண்டை ஒன்றும் கண்ணியில் செவுள் சிக்கித் தொங்கிச் செத்தது. தகர டப்பாக்களைக் கயிற்றில் கோத்துக் குறுக்கே கட்டினார். பறவைகள் சத்தத்துக்குப் பழகிவிட்டன, வீட்டிலிருந்தவர்கள்தான் தூக்கம் கெட்டு ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். ஊர்கெஞ்ச் நகரச் சந்தையிலிருந்து பிளாஸ்டிக் நாரை ஒன்றை வாங்கிவந்து நட்டார். நீர்க்காகம் அதன் தலைமேல் உட்கார்ந்து இறக்கையைக் காயவைத்தது. இரவில் மீன் திருட வந்த குள்ளநரிக்காக நாய் கட்டினார், நாயே மீன் தின்னக் கற்றுக்கொண்டது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் பிகாஜான் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருஷன் தொலைபேசியிலேயே அவளை விலக்கிவிட்டான். அதற்குப் பிறகு அந்த எண்ணும் வேலை செய்யவில்லை. அண்ணன் வீட்டில் அவள் ஒரு கூடுதல் வாய். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நாரையையாவது விரட்டு என்றார் மத்யாகுப். அண்ணனுடைய பழைய சாம்பல் நிறப் பஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு அவள் தண்ணீரில் இறங்கினாள். முதலில் கையை வீசிக் கத்தினாள். பிறகு தொண்டை வற்றி, குளிர்ந்துபோன ஒரு காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். வானத்தில் வட்டமிட்ட நாரை அவளைப் பார்த்தது, அடுத்த வீட்டுக் குளத்துக்குத் திரும்பிப் போனது. ஒரு நாரை நின்று மீன் பார்க்கும் இடத்தில் இன்னொன்று இறங்காது, அது அவற்றுக்குள் உள்ள மரியாதை. மத்யாகுப் இதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். நாளைக்கும் நில்லு என்றார். நாளைக்கும் நில்லு என்று சொல்வது எந்த நாளோடு நின்றுபோனது என்பது பின்னால் யாருக்கும் ஞாபகமில்லை.

குளிர்காலத்தில் ஊரின் எல்லாக் குளங்களும் உறைந்தன. பிகாஜானின் காலைச் சுற்றி மட்டும் ஒரு ரொட்டி அகலத்துக்குத் தண்ணீர் உறையாமல் இருந்தது, கெண்டைகள் அங்கே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கின. பனி உருகியபோது மற்ற வீடுகளில் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன, மத்யாகுப் வீட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. அவளை உள்ளே கூப்பிடும் பேச்சு அதோடு முடிந்தது. பக்கத்து வீட்டு ஒகுல்ஜான் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "எங்க வீட்லயும் ஒரு நாத்தனார் சும்மாதான் இருக்கா. ஆனா அவளை நிறுத்தினா, அவ பேச்சு தாங்காம மீனெல்லாம் கரையேறி ஓடிடும்."

ஸனாபர் நடக்கத் தொடங்கியதிலிருந்து அத்தைக்கு ரொட்டி கொண்டுபோவது அவள் வேலை. அத்தை மீனைத் தொட மாட்டாள். பேச்சும் அதிகமில்லை. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தால், "உப்பு கம்மியா இருக்கு" என்பாள், அதைச் சொல்ல அவளுக்கு வேறு ஆள் கிடையாது. வருடங்கள் போகப் போக அவள் கழுத்து நீண்டது. அம்மா ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அங்கியின் கழுத்துப்பட்டியில் ஒரு துண்டுத் துணி சேர்த்துத் தைத்தாள். முடி நரைத்து உதிர்ந்து, பிடரியில் இரண்டு மெல்லிய கரும்பிரிகள் மட்டும் மிஞ்சின. விருந்தாளிகள் வந்தார்கள், பருத்திக்கொட்டை எண்ணெயில் பொரித்த கெண்டையைத் தின்றார்கள், விரலை நக்கிக்கொண்டு மத்யாகுப்பின் கைராசியைப் புகழ்ந்தார்கள்.

வசந்தத்தில் மட்டும் ஒரு நாரை வரும். அது ஒன்றுதான் அந்தக் குளத்தில் இறங்கியது. மீனை ஏறிட்டும் பார்க்காது. வாயில் முசுக்கொட்டைக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து அத்தையின் காலடியில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று காத்திருக்கும். கூடு கட்டிக் குஞ்சு பொரித்தால் குளம் காலி என்று, மத்யாகுப் குச்சிகளைப் பொறுக்கிக் கட்டித் தந்தூர் அடுப்பருகே போடுவார். முசுக்கொட்டைத் தணலில் சுட்ட ரொட்டிக்குத் தனி மணம். ஸனாபரும் அதை ஆசையாகத் தின்றுதான் வளர்ந்தாள். தாஷ்கண்டில் மூன்றாம் வருட உயிரியல் வகுப்பில், ஆண் நாரை பெண்ணுக்குக் குச்சி கொடுக்கும், அவள் வாங்கிக்கொண்டால் அதுதான் கல்யாணம் என்று பேராசிரியை சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பறவைக்குப் போனார். ஸனாபர் எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அத்தைக்கு வருடா வருடம் சம்பந்தம் வந்திருக்கிறது. அதைக் கொளுத்தித்தான் வீட்டில் ரொட்டி சுட்டிருக்கிறார்கள். விடுதியில் கூட இருந்த பெண்களிடம் சொல்லலாம் என்று நினைத்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வம்சத்தில் முதல் பட்டத்தோடு அவள் ஊருக்கு வந்த அன்று, அம்மா ஒரு புது அங்கியைப் பரிசாகக் கொடுத்தாள். சாம்பல் நிறம், நல்ல பஞ்சு. பள்ளிக்கூட வேலைக்குப் போட்டுக்கொண்டு போகத்தான் என்று நினைத்து ஸனாபர் சந்தோஷமாகத் தோளில் போட்டுப் பார்த்தாள். அங்கி முழங்காலோடு நின்றது. தண்ணீரில் நனையாத உயரம். அவள் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. நேராகப் போய் அப்பாவிடம் கேட்டாள்.

மத்யாகுப் ரொட்டித் துண்டை மென்று விழுங்கினார். அவர் கொடுமைக்காரர் இல்லை, தன் வீட்டில் நியாயம்தான் நடக்கிறது என்று நம்புகிறவர். "கூப்பிடலாம்மா. அவளுக்கும் வயசாச்சு. போன குளிர்ல அவ கால்கிட்டயே ஐஸ் வந்துருச்சு. அதுக்குத்தான் உங்கம்மா புதுசு தைச்சது."

"என்னை நிக்கச் சொல்றீங்க."

"படிச்சு முடிச்சிட்ட. எவனும் பொண்ணு கேட்டு வரல. உன் தம்பி கல்யாணத்துக்கு மீன் வேணும். ஒரு வருஷம் நில்லு."

"அத்தைகிட்டயும் ஒரு வருஷம்னுதான் சொன்னீங்களா?"

"அவகிட்ட ஒரு நாள்னு சொன்னேன்," என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அம்மா உள்ளிருந்து கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "குதிக்காத. இதையும் பின்னி வச்சிருக்கேன். ஒண்ணுதான் பின்னினேன். இன்னொரு கால் மடக்கித்தானே இருக்கும்."

ஸனாபர் காலுறையைப் பார்த்தாள். பின்னல் நெருக்கமாக இருந்தது. தந்தூர் அருகே அந்த வசந்தத்தின் குச்சிக்கட்டு இன்னும் எரியாமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு செருப்போடு குளத்தில் இறங்கி, அத்தையின் முன்னால் பரப்பி வைத்தாள். அந்த நாரை மறுகரையில் நின்றிருந்தது.

"எல்லாம் அவன் கொண்டாந்ததா?" என்றாள் பிகாஜான்.

"இந்த வருஷத்தோடது மட்டும். மத்ததெல்லாம் நாங்க தின்னுட்டோம், அத்தை."

அத்தை மறுகரை நாரையை ஒரு முறை பார்த்தாள். "உன்னை நிக்கச் சொல்றாங்களாக்கும். முதல்ல வலிக்கும். அப்புறம் மரத்துப்போய் நல்லாத்தான் இருக்கும். அப்ப ஜாக்கிரதையா இரு." பிறகு கழுத்தை வளைத்து, வெகுநாளாய் அங்கிக்குள்ளேயே இருந்துவிட்ட கைகளைத் தேடாமல், ஒரு குச்சியை வாயால் எடுத்தாள். மடக்கியிருந்த காலைக் கீழே ஊன்றினாள். அங்கி தண்ணீரில் விழுந்தது. வெகுகாலம் நடக்காதவர்கள் எழுந்திருப்பதுபோல முதலில் தடுமாறி, பாப்ளார் மரங்களின் நுனியில் கால் உரச அவள் மேலே போனாள். மற்ற நாரை பின்னாலேயே போனது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, அந்த அங்கியில் இன்னும் இரண்டு குளிர்காலம் மிச்சமிருந்தது என்றாள். ஒகுல்ஜான் வேலிக்கு மேலாக, "ஒருவழியா பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டீங்க," என்றாள்.

மதியத்துக்குள் நாரைகள் வந்துவிட்டன. மத்யாகுப் புது அங்கியை மாட்டிக்கொண்டு, கால்சட்டையைச் சுருட்டி இறங்கி நின்றார். அது அவருக்குத் தோளில் பிடித்தது. நாரை ஒன்று அவருக்குப் பக்கத்திலேயே இறங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கெண்டையைக் குத்தி விழுங்கியது. அவர் ஒரு காலைத் தூக்கினார், சாய்ந்தார், மறுகாலைத் தூக்கினார். மேலும் இரண்டு இறங்கின.

"ஸனாபர்," என்று கூப்பிட்டார். குரலில் கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். "அவ எந்தக் கால்ல நிப்பா?"

ஸனாபர் பிரிக்காத பெட்டியோடு முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தாள். மதியம் வரை இடது கால், பிறகு வலது. மாற்றும்போது அத்தை ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வாள். இதைத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு, நாய் பின்னால் வராதபடி கதவைச் சாத்திவிட்டு, வாய்க்கால் ஓரமாக ஊர்கெஞ்ச் வண்டி நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள்.