புல்லு வெட்டின சனிக்கிழமை

கனடாவில, ஸ்காபரோவின்ர வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியில பைப் திருத்துறது, கதவுப் பூட்டுப் பாக்கிறது எல்லாம் பஸ்ரியன்ர வேலை. மேல்மாடியில தனிய இருக்கிற மக்ரே கிழவன்ர குசினிப் பைப் அடிக்கடி ஒழுகும். ஒழுகாட்டியும் கிழவன் கூப்பிடும். கதைக்க ஆள் வேணுமே. கதையெல்லாம் ஸ்கொட்லாந்தில தான் பிறந்த சின்ன ரவுணின்ர ஃபுட்போல் கழகங்களைப் பற்றித்தான்.

"ஒரே தெருவில ரெண்டு கழகம். சுரங்கத்துக்காரருக்கு ஒண்டு, நெசவாலைக்காரருக்கு ஒண்டு. ரெண்டு தொழிலும் படுத்தாப்பிறகு விளையாட ஆளில்லை. ஒண்டாக்கிச்சினம். பேர் நெசவாலைக்காரற்ற பேர். எங்கட அப்பா சுரங்கம். பிறகு மட்ச் பக்கமே போகேல்லை மனுசன். சனிக்கிழமையெண்டால் வேலி திருத்துவார். அந்த வேலியில ஒரு பழுதும் இல்லை."

"இப்ப கழகம்?"

"அதுவும் இல்லாமல் போட்டுது. மைதானத்தில இப்ப சுப்பர்மார்க்கெற் நிக்குது."

பஸ்ரியன் பைப்பின்ர வொஷரை மாத்தினான். அவன்ர கதையும் கிட்டத்தட்ட உதுதான். ஊரில ஒரு கழகம், ஸ்காபரோவுக்கு வந்து ரெண்டாப் போச்சு. ஒரு பெனால்ரியை ஆர் அடிக்கிறதெண்டு தொடங்கின சண்டை. ஒண்டுக்கு அவன் தலைவர், மற்றதுக்கு மச்சான் அல்பேட், மனுசி றெஜினாவின்ர தமையன். ஒருத்தற்ற வீட்டு விசேசத்துக்கு மற்றவர் போறேல்லை. நல்ல குடும்பம்!

இந்த வருசம் ரெண்டு பக்கமும் அணிக்கு வேண்டிய ஒன்பது பேர் சேரேல்லை. ஊர்க்கழகங்களின்ர போட்டியில அணி இறக்காட்டி ஊரின்ர பேரையே பட்டியலால எடுத்துப்போடுவினமாம். அதால ஒண்டாகிறதெண்டு முடிவாச்சு. ஆற்ற பேர் நிக்கிறது? ஊர் வழக்கப்படி அந்தோனியார் படத்துக்கு முன்னால திருவுளச்சீட்டுப் போட்டினம். எடுத்தது றெஜினா. விழுந்தது அல்பேட்டின்ர கழகம்.

"அந்தோனியாரிட்டக் கோவியுங்கோ, என்னட்ட இல்லை," எண்டாள் அவள்.

அவன் ஆரோடும் கோவிக்கேல்லை. களைச்சுப்போனான், அவ்வளவுதான். இத்தினை வருசம் பெடியளை வானில ஏத்தி இறக்கினது, மழைக்க நிண்டு கத்தினது, எல்லாம் ஒரு துண்டுக் கடதாசியோட போச்சு.

போட்டி சனிக்கிழமை மில்லிக்கன் மைதானத்தில. மத்தியானத்துக்கு முன்னம் ஒன்பது பேர் கோட்டில நிக்கவேணும். மல்வேர்னில இருக்கிற தன்ர வீட்டில பஸ்ரியன் காலமை எழும்பிப் பின்வளவில புல்லு வெட்டத் தொடங்கினான். றெஜினா தேத்தண்ணியோட வந்து பாத்தாள்.

"இஞ்சருங்கோ, முந்தநாள்தானே வெட்டினீங்கள்?"

மெஷினை நிப்பாட்டினான். கிழவன்ர தகப்பன்ர வேலி நெஞ்சில வந்து குத்திச்சுது. வெக்கமாப் போச்சு. சப்பாத்தோட ஒட்டியிருந்த புல்லைக்கூடத் தட்டாமல் வானை எடுத்தான். மார்க்கம் றோட்டில வேலை நடக்குது, வான் ஊர்ந்துது.

அவன் போய்ச் சேர மத்தியானம் தாண்டீட்டுது. அல்பேட் மைதானத்து ஓரத்தில தனியக் குந்தியிருந்தார். புதுச் சேட்டுகள் பெட்டிக்குள்ள மடிச்சபடி.

"ஆறு பேர் வந்தவங்கள், பாத்திட்டுப் போட்டாங்கள்," எண்டார். "உன்ர பெடியள் மூண்டு பேரும் வரேல்லை. அதில ஜெனோசனுக்கு ஃபோன் அடிச்சுக் கேட்டன். 'பஸ்ரியன் அங்கிள் not coming, so we're not coming' எண்டான்."

"நான் அவங்களை வரவேண்டாமெண்டு சொல்லேல்லை மச்சான்."

"வாங்கோ எண்டும் சொல்லேல்லை."

பஸ்ரியன் பக்கத்தில இருந்தான். ஒலிபெருக்கி அடுத்த மட்சுக்கு வேற ரெண்டு ஊரைக் கூப்பிட்டுது. அல்பேட் பெட்டியைத் தள்ளிக் காட்டினார். மேல கிடந்த சேட்டில மச்சான்ர கழகத்தின்ர பேர். சேட்டுக் கையில மட்டும் பஸ்ரியன்ர கழகத்து நீலக்கோடு. "நான்தான் போடச் சொன்னனான்," எண்டார். பஸ்ரியன் அந்தக் கோட்டை விரலால தடவினான்.

திங்கட்கிழமை கிழவன்ர பைப் திரும்ப ஒழுகிச்சுது.

"உன்ர புதுக் கழகம் எப்பிடி விளையாடினது?" எண்டு கேட்டார் மக்ரே. கழகங்கள் ஒண்டாகிற கதையைப் பஸ்ரியன் முந்தியே சொல்லியிருந்தான்.

பஸ்ரியன் சிங்குக்குக் கீழ தலையை விட்டபடி சொன்னான், "நான் புல்லு வெட்டிக்கொண்டு நிண்டனான்."

கிழவன் கதிரையை இழுத்து அவனுக்குப் பக்கத்தில இருந்தார்.