என் பெயரில் ஓடிய நாடி

எனக்கு நடக்கப் பிடிக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. முப்பத்துநாலு வருஷம் கணக்கு டீச்சராக நின்று நின்று தேய்ந்த முட்டு இது. ரிட்டயர் ஆன அன்றைக்கே இனி உட்கார்ந்தே இருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். தோஹாவில் இருக்கிற என் மகன் எட்சனுக்குத்தான் அது பொறுக்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு வந்தவன் என்னை நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வீட்டிலிருந்தபடியே கண்காணிக்கிற ஒரு திட்டத்தில் சேர்த்து, இடது கையில் கறுப்பு வாட்ச் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனான்.

மணி பார்க்கிற வாட்ச் இல்லை அது. நாடித் துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன், தூக்கம், எத்தனை எட்டு நடந்தேன் என்பது வரை பார்த்துக்கொண்டே இருக்கும். உள்ளேயே ஒரு சிம். அது பார்த்ததெல்லாம் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கும் போகும், எட்சனின் போனுக்கும் போகும். நாலாயிரம் எட்டில் ஒன்று குறைந்தாலும் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து பிரீனா என்கிற நர்ஸ் பிள்ளை கூப்பிடும். அது போனை வைத்த கையோடு எட்சன் கூப்பிடுவான்.

"அம்மா, இன்னைக்கு எண்ணூறுதான் நடந்திருக்கிய."

"உனக்கு ஆபீஸ்ல வேற சோலி இல்லையாலே?"

"இப்பிடியே போனா சரிப்படாது கேட்டியளா. வீட்டைப் பூட்டிட்டு உங்களைத் திருச்சூர்ல அந்த முதியோர் இல்லத்துல சேத்திருவேன். பொறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை. இல்லத்தின் படமெல்லாம் அனுப்பிவிட்டான். இது அவன் அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த வீட்டில்தான் என் கண் மூட வேண்டும். அதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் ஒன்றும் வேண்டாம்.

அப்போதுதான் செல்லக்கனியைப் பார்த்தேன். தினமும் பார்க்கிறவள்தான், ஆனால் அன்றைக்குத்தான் அவள் கால்களைப் பார்த்தேன். தோவாளைக்காரி. விடியுமுன் பூச்சந்தையில் பூக்கட்டிவிட்டு, பிச்சிப்பூ வாசத்தோடு எட்டரைக்கு என் வீட்டு வேலைக்கு பஸ்ஸில் வந்து நிற்பாள். நாற்பத்தெட்டு வயசு. புருஷன் இல்லை. ஒரே மகள் ஜிஷா சென்னையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். செல்லக்கனி ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் கண்டதில்லை.

"ஏட்டி, இதைச் செத்த நேரம் உன் கையில கட்டிக்கோ."

"எனக்கா டீச்சரம்மா? வெலகூடுன சாமானாக்கும்."

"பேசாம கட்டுட்டீ."

அன்றைக்கு நான் ஏழாயிரம் எட்டு நடந்தேன். எட்சன் போனில் கை தட்டினான்.

அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்த எத்தனை பிள்ளைகளை வெளியே முட்டுக்கால் போட வைத்திருப்பேன்! அதெல்லாம் அப்போது எனக்கு நினைவு வரவில்லை. ராத்திரி ரீடிங் இல்லை என்று பிரீனா குறைபட்டுக்கொண்டது. வாரை மாட்டினால் எனக்கு ஒரே அரிப்பு. வாட்ச் செல்லக்கனி கையோடு தோவாளைக்கே போய்விட்டது. பஸ்ஸில் பெண்கள் கேட்டால் டீச்சரம்மா தந்தது என்று சொல்லிக்கொள்வாளாம். சந்தோஷம்தான் அவளுக்கு.

மே மாசம் பிரீனா கூப்பிட்டது. குரலில் வழக்கமான கொஞ்சல் இல்லை.

"அம்மா, உங்க நாடி சரியில்ல. மூணு வாரமா திடீர் திடீர்னு வேகமா ஓடுது, தாளம் தப்புது. நாளைக்கே டாக்டரைப் பாக்கணும்."

என் நாடி இல்லையே அது. மறுநாள் காலையில் செல்லக்கனி வந்ததும் கேட்டேன்.

"நெஞ்சு படபடன்னு அடிக்காட்டீ?"

"கொஞ்சம் அடிக்கும், நிக்கும். எனக்கென்ன டீச்சரம்மா, கல்லு மாதிரி இருக்கேன்."

"ஒரு டாக்டரைப் பாரேன்."

"ஜிஷா பரீட்சை முடிஞ்சு வரட்டும்."

அவளே வேண்டாம் என்கிறாள், நான் என்ன செய்வது என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். டாக்டரின் மேஜையில் எட்சன் வீடியோவில் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்க முடியவில்லை. இசிஜி எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. டாக்டர் கம்ப்யூட்டரைத்தான் நம்பினார்.

"இது வந்து வந்து போகும். வாட்ச் இல்லன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றார். துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதினார். எழுதும்போது, "ஆஸ்துமா உண்டா?" என்று கேட்டார்.

"எனக்கா? கிடையவே கிடையாது."

"நல்லது. அது இருந்தா இந்த மாத்திரை ஆகாது."

அதை நான் கேட்டேன். தெளிவாகக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். நாடி அவளுடையது. மாத்திரையும் அவளுக்குத்தானே சேர வேண்டும்? கணக்கு சரியாகத்தான் வந்தது. சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தேன். தினம் காலையில் என் முன்னாலேயே போட்டுக்கொள்வாள். பத்தே நாளில் நாடி அடங்கியது. பிரீனா பாராட்டியது. "பாத்தியளா அம்மா, வாட்ச்சோட அருமையை," என்றான் எட்சன். நானும் ஒரு டாக்டர் ஆகிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் கூட வந்தது. சண்டாளி நான்.

ஆனியில் காற்று தொடங்கியது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றில் தோவாளைப் பக்கம் பாதிப் பேருக்கு மூச்சு முட்டும். செல்லக்கனிக்கும் வருஷா வருஷம் முட்டும். இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடித்துவிட்டு வருவாள். "காத்து ஒத்துக்கல டீச்சரம்மா" என்பாள். அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆஸ்துமா என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது பெரிய சீக்கு, இது வெறும் காற்று. சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் இந்த வருஷம் அது வேறு மாதிரி இருந்தது. பாத்திரம் கழுவும்போது அவள் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த விசில் எனக்கு முன்னறை வரை கேட்டது. படியேறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வியாழக்கிழமை மத்தியானமே, "போட்டுமா டீச்சரம்மா, முடியல" என்றாள். மாத்திரை போட்டாயா என்று கேட்டுத்தான் அனுப்பினேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குச் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே சார்ஜில் கிடந்த போன் விடாமல் அடித்தது. எட்சன்.

"அம்மா! நீங்கதானா? உயிரோட இருக்கியளா?"

"என்னலே உளறுக?"

அவன் ஓவென்று அழுதுவிட்டான். "ஆக்சிஜன் எழுபத்தொண்ணுன்னு காட்டுதும்மா. பத்து நிமிஷமா கூப்பிடுதேன், எடுக்கல. ஆம்புலன்ஸ் வந்திட்டிருக்கு."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, கேட்டில் சைரன் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"நேசமணி அம்மா யாரு?"

"நான்தான்."

விரலில் கிளிப்பை மாட்டினார்கள். தொண்ணூற்றெட்டு. முன்னால் நின்றவன் சிரித்தான். "டீச்சர், உங்களுக்கு ஒண்ணும் இல்ல. மெஷின் கோளாறாக்கும்." போனில் எட்சனும் அழுகையோடு சிரித்தான். "ஏசுவே, நான் பயந்தே போனேன்."

நானும் சிரித்திருக்கலாம். மெஷின் கோளாறு என்று முடிந்திருக்கும். வீடும் என்னுடையதாகவே இருந்திருக்கும். ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன். முழுசாக ஒரு நிமிஷம். இதை நான் யாரிடமும் மறைக்கப் போவதில்லை.

பிறகுதான் வாய் வந்தது. "மெஷின் கோளாறு இல்ல மக்கா. வாட்ச் என் கையில இல்ல. தோவாளைல செல்லக்கனி கையில கெடக்கு. வண்டியைத் திருப்புங்க. சீக்கிரம், சீக்கிரம்."

நானும் ஏறிக்கொண்டேன். போன் காதிலேயே இருந்தது. ஒழுகினசேரிப் பாலத்தில் வண்டி நெரிசலில் மாட்டி நின்றபோதுதான் எட்சன் கேட்டான்.

"அம்மா, அப்போ அந்த மாத்திரை?"

அவனே போனை வைத்துவிட்டான்.

வெள்ளமடம் தாண்டும்போது காற்று வண்டியைப் பிடித்து உலுக்கியது. தூரத்தில் காற்றாலைகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. இன்னும் ஐந்து நிமிஷம் என்றான் டிரைவர். மறுபடி போன் அடித்தது. பிரீனா. அதற்கு இன்னும் விஷயம் தெரியாது.

"அம்மா, ஆம்புலன்ஸ் வந்திட்டுல்லா? பயப்படாதீங்க. ஒரு சின்ன உதவி. வாட்ச்சை இப்போ கழத்திட்டியளா? ரெண்டு நிமிஷமா நாடியே வரல. மறுபடி கட்டுங்கம்மா."

"கழத்தல மக்கா," என்றேன். "அவ கையிலதான் இருக்கு."