கோலின் மறுமுனை

நீள்கிறது, என் கைக்குள் இருக்கும் கோல் நீள்கிறது, நான் இழுக்க இழுக்க என் பக்கம் வராமல் தண்ணீரின் பக்கம் வளர்ந்துகொண்டே போகிறது, அதன் மறுமுனையில் மரகதத்தின் இரண்டு கைகள், கைகளுக்குப் பின்னால் அவள் முகம், கன்னத்தில் ஒட்டிய ஈர முடி, சுற்றிலும் செம்மண் நிறத்தில் ஓடை, பூட்டு, பூட்டு என்று நான் கத்துகிறேனா நினைக்கிறேனா தெரியவில்லை, குழாய்க்குள் ஒளிந்திருந்த இன்னொரு குழாய் பளபளவென்று வெளியே வந்துகொண்டிருக்கிறது, அவள் இறுகப் பிடித்திருக்கிறாள், நானும் இறுகப் பிடித்திருக்கிறேன், இருந்தும் எங்கள் நடுவே தூரம் கூடுகிறது, இப்படி ஒன்று நடக்க முடியுமா என்ற திகைப்பிலேயே விழிப்பு வருகிறது, பக்கத்தில் அவள் தூங்கும் மூச்சுச் சத்தம் கேட்ட பிறகும் நெடுநேரம் அந்தத் திகைப்பு என்னை விட்டுப் போவதில்லை.

தனியாகத் திரிகிறவனுக்கென்றே செய்த பொருள் அது. ஏறும்போது ஊன்றுகோல், நின்ற இடத்தில் பிரித்தால் மூன்று காலாக விரிந்து கேமராவைத் தாங்கும் ஸ்டாண்ட், உச்சியில் இருக்கும் உருண்டைப் பிடியைக் கழற்றினால் கேமராவை மாட்டத் திருகாணி, ஒவ்வொரு காலும் குழாய்க்குள் குழாய், பூட்டைத் தளர்த்தினால் நீளும், இறுக்கினால் நிற்கும். தேனியில் பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது என் தொழில், வாரமெல்லாம் முகம் தெரியாத யாருடைய வாய்க்கோ மெழுகில் பல் அடுக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிறந்தால் மலைக்குப் போய்விடுவேன், என்னைப் படம் எடுக்க ஆள் கிடையாது, கோலை விரித்து நிறுத்தி, கேமராவில் டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய்ப் பாறையில் நிற்பேன், அதனால் எல்லாப் படத்திலும் எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், ஐம்பது வயதுவரை அப்படியே போயிற்று, பிறகு என் தங்கை விடாப்பிடியாக நின்று மரகதத்தைப் பார்த்து முடித்தாள். பெரியகுளத்தில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தாள் மரகதம், தம்பிமார்களைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்கும் நாற்பத்தைந்து தாண்டியிருந்தது, அந்த வயதில் புருஷன் பெண்டாட்டி எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று இருவருக்குமே தெரியவில்லை, அவள் என்னை நீங்க என்றாள், நானும் அவளை நீங்க என்றே கூப்பிட்டேன், சொந்த வீட்டின் அறைக்கதவை இருவருமே தட்டிவிட்டுத் திறந்தோம், குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்லலாமா வேண்டாமா என நான் யோசித்து முடிப்பதற்குள் சோறு தீர்ந்துவிடும். ஒருநாள் சாயங்காலம் என் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவள், எல்லாப் படத்துலயும் ஒரே ஆளா நிக்கிறீங்களே என்றாள், கொஞ்சநேரம் கழித்து, அடுத்த தடவை நானும் வரட்டுமா என்று கேட்டாள்.

சித்திரை மாதம், போடிக்கு மேலே, ஏலத்தோட்டங்களைத் தாண்டிப் போகும் ஒற்றையடிப் பாதை, மரகதமும் வருகிறாளே என்று அன்றைக்கு மட்டும் வழிகாட்ட அமர்த்திய சன்னாசி முன்னால் நடக்கிறார், அவர் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த கதையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார், மரகதம் சேலையை விட்டுவிட்டுச் சுடிதார் போட்டிருக்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் போட்டாள், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்கிறாள், கோலை அவளிடம் கொடுத்திருக்கிறேன், சரிவு வரும் இடத்தில் எல்லாம் முதலில் அதை ஊன்றி இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் காலை வைக்கிறாள், ஓடைக்கு வந்தபோது தண்ணீர் கணுக்காலைக்கூட நனைக்கவில்லை, நடு ஓடையில் யானை முதுகு போல ஒரு பாறை, தலைக்கு மேலே பொட்டு மேகம் இல்லை, சன்னாசி குடிதண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிக் கீழே ஊற்றுப் பக்கம் இறங்கிப் போனார். கரையில் கோலை விரித்துக் கேமராவை மாட்டினேன், ஓடிப்போய்ப் பாறையில் ஏறி அவள் பக்கத்தில் நின்றேன், எவ்வளவு நெருங்கி நிற்கலாம் என்று தெரியாமல் நின்றேன், அவளே என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், கேமரா சொடுக்கியது. கண்ணை மூடிட்டேன் போலருக்கு, இன்னொண்ணு எடுங்களேன் என்று சிரித்தாள், அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை, அந்தச் சிரிப்போடு ஒரு படம் வேண்டும் என்று கரைக்குத் திரும்பி வந்து கோலின் ஒரு காலைத் தளர்த்தி மட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அப்போது மலைக்குள் எங்கோ லாரி மேடேறுவது போல ஒரு சத்தம், இங்கே லாரி வர வழியே இல்லையே என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே நின்றேன்.

மேலே எங்கோ, நாங்கள் பார்க்க முடியாத ஒரு முகட்டுக்குப் பின்னால் கோடை மழை கொட்டியிருக்கிறது. முதலில் சருகு வந்தது, பிறகு நுரை, நுரைக்குப் பின்னால் சுவர் போலச் சிவப்புத் தண்ணீர், நான் ஏய் என்று கத்தி முடிப்பதற்குள் பாறையின் பாதி மூழ்கிவிட்டது, மரகதம் குனிந்து பாறையைக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொள்ள அதில் பிடிமானம் எதுவும் இல்லை. கேமராவோடு கோலைப் பிடுங்கினேன், ஒரு கையால் கரையில் நின்ற மரத்தின் வேரைப் பற்றிக்கொண்டு மறுகையால் கோலை நீட்டினேன், கேமரா எப்போது விழுந்தது என்று தெரியாது, அவள் பாறையிலிருந்து சறுக்கி வந்து எட்டிப் பிடித்தாள், மூன்று கால்களில் ஒரு கால் மட்டும் அவள் கைக்குக் கிடைத்தது, பூட்டு தளர்ந்த கால். அது நீண்டது. இழுத்தேன், நீண்டது. கடைசிக் குழாயும் வெளியே வந்து டக்கென்று நின்றது, அந்த அதிர்வு என் தோள்வரை வந்தது, வேர் மண்ணோடு பெயர்ந்து கையோடு வந்தது, முழங்கால்கள் சேற்றில் வழுக்கத் தொடங்கின, அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ கேட்கப் போகிறவள் போல. பிறகு கோல் இலகுவாகிவிட்டது. அவ்வளவுதான், கனம் போய்விட்டது, நான் மல்லாந்து கரையில் விழுந்தேன், ஒரு பொருள் அவ்வளவு இலகுவாக இருக்க முடியும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் செய்ததை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், எழுந்து உட்கார்ந்து, கோலின் நீண்ட காலை உள்ளே தள்ளினேன், பூட்டை இறுக்கினேன், மூன்று கால்களையும் ஒன்றாகச் சேர்த்தேன், வீட்டுக்குக் கிளம்புகிறவன் மடித்து வைப்பதுபோல ஒழுங்காக மடித்தேன், எதிரில் ஓடை முழங்கிக்கொண்டிருக்கிறது, பாறை இருந்த இடத்தில் பாறை இல்லை. சார் என்று கீழேயிருந்து சன்னாசி அலறியபோதுதான் எனக்குக் காது திறந்தது, ஓடினேன், புதரிலும் முள்ளிலும் கரையோடு ஓடினோம், சன்னாசி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், எனக்கு அது வாயில் வரவில்லை, வெயில் சாய்ந்து, தண்ணீர் எப்படி வந்ததோ அப்படியே வடிந்து, ஓடை திரும்பும் முடுக்கில் வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் கிளைகளுக்குள் துணி தெரிந்தது, துணிதான், அதில் ஆள் இருப்பதாகவே தெரியவில்லை, நான் அங்கேயே நின்றுவிட்டேன், என்னால் அதற்கு மேல் ஓரடி வைக்க முடியவில்லை, சன்னாசிதான் இறங்கிப் போனார், போனவர் திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொன்னார், சார், கை அசையுது.

எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம், தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, தலையில் தையல், நகங்கள் பிய்ந்திருந்தன, பிழைத்துக்கொண்டாள். டாக்டர் கேட்டபோது சொன்னேன், பதறியடித்து வந்த அவள் தம்பிகளிடம் சொன்னேன், போனில் அழுத தங்கையிடம் சொன்னேன், கம்பி நீண்டுருச்சு, கை வழுக்கிருச்சு, பாவம் அவங்க என்ன செய்வாங்க. மறுநாள் காலையில் அவள் கண் விழித்துத் தெளிவாகப் பார்த்தபோது அவளிடமும் அதையே சொன்னேன், உங்க கை வழுக்கிருச்சு, தண்ணி அவ்வளவு வேகம். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

வழுக்கலைங்க, என்றாள். நாந்தான் விட்டேன்.

எனக்கு விளங்கவில்லை, மயக்க மருந்தில் பேசுகிறாள் என்று நினைத்து அவள் நெற்றியைத் தொட்டேன், அவள் தலையை லேசாக அசைத்தாள், வலித்திருக்க வேண்டும், நிறுத்தி நிறுத்திப் பேசினாள், உங்க காலு தண்ணிக்குள்ள வந்துருச்சு, நீங்க அதப் பாக்கல, நான் பாத்தேன், நீங்க விடமாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு, அப்ப யாராவது ஒருத்தர் விடணும்ல.

தண்ணீர் வந்தபோதுகூட நான் இப்படி நின்றதில்லை, கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அந்தக் கணத்தில் நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன், பூட்டை, பூட்டை மட்டும், நான் பூட்டை நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் என்னை நினைத்திருக்கிறாள், எனக்கு அவளைத் தெரிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்று இன்னும் கேட்டுத்தான் போடுவாள், அப்படிப்பட்டவள் கொந்தளிக்கும் தண்ணீருக்குள் இருந்து என் காலைப் பார்த்திருக்கிறாள், பார்த்து, ஒரு முடிவெடுத்து, கையைத் திறந்திருக்கிறாள், ஏதோ கேட்கப் போகிறவள் என்று நான் நினைத்த அந்த முகம் எதையும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசிக்குது, என்றாள் மரகதம், தம்பி வாங்கி வைத்துவிட்டுப் போன இட்லிப் பொட்டலம் ஸ்டூலில் இருந்தது, பிரிக்கப் போனேன், வாழையிலை கிழிந்து சட்னி என் வேட்டியில் கொட்டியது, அவள் கட்டுப்போடாத கையை நீட்டிப் பொட்டலத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள், மெல்ல ஒரு துண்டு பிய்த்தாள், தான் சாப்பிடவில்லை, நேத்துலருந்து நீங்க ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க என்று அதை என் பக்கம் நீட்டினாள், இத்தனை பேர் பார்க்க, நகம் பிய்ந்த அந்த விரல்கள் என் முகத்துக்கு நேரே நிற்கின்றன, நான் குனிந்து வாயைத் திறக்கிறேன்.