மவுஸ் இல்லாத மேசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. ஏனென்றால், போன சனிக்கிழமை வரை ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாடப்புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்தில் திருத்துநர் வேலை எனக்கு. வருகிற பாடங்களைக் கணினியில் திறந்து, பிழை பார்த்து, வரிகளை மாற்றிப் போட்டு அனுப்ப வேண்டும். பல வருடம் மவுஸைப் பிடித்த மணிக்கட்டு ஒரு நாள் தேநீர்க் கோப்பையைக்கூடத் தூக்க முடியாமல் போய்விட்டது. டாக்டர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "டைப் பண்ணுங்க, பரவாயில்ல. மவுஸ மட்டும் தொடாதீங்க" என்றார். மீனிடம் தண்ணீரைத் தொடாதே என்பது போல எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் மேலாளருக்கு 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அவர்தான் வழியும் சொன்னார். புரோகிராமர்கள் பயன்படுத்தும் எடிட்டர் என்ற மென்பொருள் ஒன்று இருக்கிறது, மவுஸே வேண்டாம், எல்லாம் விசைப்பலகையிலேயே முடிந்துவிடும் என்றார்.

"கத்துக்கிட்டு அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை எனக்கு ஒரு பாடம் திருத்திக் காட்டுங்க. முடியலன்னா கீழ போன் எடுக்கற சீட் காலியா இருக்கு."

"அப்ப என் சீட்டு?"

"பார்க்கலாம்."

அந்த எடிட்டரில் இரண்டு நிலைகள். எழுதும் நிலையில் தட்டினால் எழுத்து விழும். எஸ்கேப் விசையை அழுத்திக் கட்டளை நிலைக்குப் போனால் அதே எழுத்துகள் வேலைக்காரர்களாகிவிடும். டி-யை இரண்டு முறை தட்டினால் ஒரு வரி காணாமல் போகும். ஜே-யைத் தட்டினால் கீழே இறங்கலாம். இவ்வளவுதான் அடிப்படை. மற்றதெல்லாம் இதன் மேல் கட்டிய மாடிகள்.

எதை வைத்துக் கற்பது என்பதில்தான் வந்தது வினை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முதலில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வாங்கினேன். அதில் வந்த பயிற்சிகளை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். விரல்கள் பறந்தன. மறுநாள் அலுவலகத்தில் அறிவியல் பாடத்தைத் திறந்து, ஒரு சொல்லை எழுதி, எஸ்கேப்பை அழுத்தி, டி-யைத் தட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம். வரி அசையவில்லை. ஜே-யைத் தட்டினேன், அதற்கும் டிங். படித்தது மண்டையில் ஏறவில்லை என்று நினைத்துப் புத்தகத்தை மூடினேன்.

அடுத்து வீடியோ. மூச்சு விடாமல் பேசும் ஒரு பையன் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினான். அவன் கூடவே செய்தபோது எல்லாம் வந்தது. அலுவலகத்தில் டிங். பிறகு, காசு கட்டிச் சேரும் இணைய வகுப்பு. பிறகு, எழுத்துகளைத் தட்டிச் சுரங்கத்துக்குள் ஓடும் ஒரு விளையாட்டு. அதில் நான் கடைசிக் கட்டம் வரை போய்விட்டேன் என்பதைப் பெருமையாகவே சொல்கிறேன். பாடத்தைத் திறந்தால் மட்டும் அதே டிங். பயிற்சியில் புலி, வேலையில் எலி. வயதாகிறது, இனி நமக்குப் புதிதாக எதுவும் ஏறாது என்று முடிவு கட்டினேன். போன் சீட்டில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து "யார் பேசறீங்க?" என்று கேட்டுப் பார்த்துக்கொண்டேன். அழுகை வந்தது.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் நான் இன்னொரு வகுப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரே நேரத்துல நாலு பேர்கிட்ட வண்டி கத்துக்கிட்டா சுவத்துலதான் போய் இடிக்கணும். ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கோ."

"ஒண்ணைப் பிடிச்சும் பாத்தாச்சுங்க. எதுலயும் வரல. எனக்குத்தான் மூளை மழுங்கிடுச்சு."

"மழுங்கின மூளையா நேத்து என் கணக்குல தப்புக் கண்டுபிடிச்சுது?" என்று சிரித்தார். "சரி, எங்க ஸ்கூல்ல பண்ற மாதிரி பண்ணு. என்ன பண்றியோ அதை வாயால சொல்லிக்கிட்டே பண்ணு. கிளட்ச் மிதிக்கறேன், கியர் போடறேன்னு சொல்ற மாதிரி."

கிறுக்குத்தனமாக இருந்தது. ஆனாலும் அறிவியல் பாடத்தைத் திறந்தேன்.

"தமிழுக்கு மாத்தறேன். எழுதற நிலைக்கு வந்துட்டேன். 'உணவு'ன்னு எழுதறேன். எஸ்கேப். கட்டளை நிலைக்கு வந்தாச்சு. இப்ப டி-யைத் தட்டறேன்."

டிங்.

விரல் அந்த விசை மேலேயே நின்றுவிட்டது. டி என்று வாய் சொல்கிறது. இதே விசையைத் தட்டித்தானே இப்போது 'உணவு'க்கு உ போட்டேன். திரையின் ஓரத்தைப் பார்த்தேன். விசைப்பலகை இன்னும் தமிழில்தான் இருந்தது. நான் டி என்று நினைத்துத் தட்டியதெல்லாம் அந்த எடிட்டருக்கு உ. உ என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி இரண்டு முறை தட்டினேன். வரி மறைந்தது.

"ஏங்க, போயிடுச்சுங்க" என்றேன்.

"என்ன போயிடுச்சு? முக்கியமானதா?" என்று அவர் பதறினார்.

எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். பழைய எடிட்டரில் தமிழில் இருந்தபடியே கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தினால் சேமித்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் விரலில் ஊறிவிட்டது. புத்தகம், வீடியோ, வகுப்பு, விளையாட்டு எல்லாமே ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் செய்தவை. மொழியை மாற்ற வேண்டிய அவசியமே அவர்களுக்கு வந்ததில்லை. நானும் பயிற்சியை எல்லாம் ஆங்கிலத்திலேயே செய்துவிட்டு, வேலையைத் தமிழில் செய்தேன். யார் மேலும் தப்பில்லை. முக்கியமாக என் மேல் தப்பில்லை, என் தலை மேல் நிச்சயமாக இல்லை. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஆனால் வரிக்கு வரி மொழியை மாற்றிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. அதற்கு ஒரு வழி வேண்டும். இத்தனை நாள் சீண்டாமல் விட்ட ஒன்று மிச்சம் இருந்தது, எடிட்டருக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கங்கள். படம் கிடையாது, பேச்சு கிடையாது, வறண்ட எழுத்து மட்டும். தேடிப் பார்த்தால் வேறு மொழியில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. எழுதும் நிலையில் மட்டும் தமிழ் விழும்படியும், எஸ்கேப்பை அழுத்தினால் தானாக ஆங்கிலத்துக்குப் போகும்படியும் வைத்துக்கொள்ளலாமாம். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைத்தான் செய்தேன். சமையல் அவருடையது. உப்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை 'பார்க்கலாம்' என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பாடம் முழுவதையும் திருத்தினேன். ஒரு பத்தியை மேலே தூக்கி வைத்தேன், ஒரே பிழையை எல்லா இடத்திலும் ஒரே கட்டளையில் மாற்றினேன். டிங் வரவேயில்லை.

"சரி. அடுத்த வாரம் கணக்குப் புத்தகம் வருது, அதையும் நீங்களே பாத்துருங்க" என்றார்.

மாலையில் வீட்டுக் கதவைத் திறந்ததும் கணவர், "கை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். காலையிலிருந்து எனக்கு அந்தக் கையின் நினைப்பே வரவில்லை.