இடது ஓரத்துச் சீட்டு

அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து புருஷனின் தங்கை வாய் ஓயாமல் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், கடைக்காரர், தபால்காரர், மாடி வீட்டுக்காரர் வரைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனும் அவளும் சட்டப்படி பிரிந்துவிட்டார்கள். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் அவள் இப்போது யாருக்கும் அண்ணி இல்லை. காகிதம் கிடக்கட்டும், நாம் அண்ணி என்றே சொல்லுவோம்.

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்னறையில் கண் பார்ப்பவர் அளவு எழுதித் தருவார். கண்ணில் மருந்து விட்டுவிட்டு, மூடச் சொல்லி, ஊர்க்கதை பேசியே நேரத்தைக் கடத்துகிற மனிதர் அவர். அண்ணி அவருக்கு வைத்த பெயர் சொட்டு மருந்து. பின்னறை அண்ணியின் ராஜ்ஜியம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிரேம், வெட்டாத வட்ட லென்ஸ் இரண்டு, அளவுத் தாள் ஒன்று. நடுப்புள்ளி குறித்து, இயந்திரத்தில் மாட்டி, பிரேமின் வடிவத்துக்கு ஓரத்தைத் தேய்த்து எடுப்பாள். மயிரிழை கூடினால் லென்ஸ் பிரேமில் ஏறாது, குறைந்தால் தொளதொளவென்று ஆடும். காலையிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்பவளுக்குப் பதினொன்று பத்துக்கு இடைவேளை. அந்த நேரத்தில் பின்னறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அப்போது அண்ணி நாத்தனாருடன் போரில் இருப்பாள்.

போர் நடப்பது போனில். சீட்டு விளையாட்டுதான், ஆனால் ராஜா ராணி கிடையாது. ஆளுக்கு ஒரு கோட்டை, ஆளுக்கு ஒரு சீட்டுக்கட்டு. கட்டை நாமேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சீட்டைக் காட்டுவார்கள், ஒன்றை எடுத்துக் கட்டுக்குள் செருகலாம், வேண்டாததைக் கழித்துக் கட்டலாம். கையில் ஐந்து சீட்டு, ஒரு டர்னுக்கு ஒன்றைப் போடலாம். எதிராளியின் கோட்டைக் கற்கள் எல்லாம் விழுந்தால் வெற்றி. எதிராளி கையில் எத்தனை சீட்டு என்று தெரியும், முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. போடாமல் வைத்திருக்கும் சீட்டுக்குச் சுற்றுக்கு ஒன்று வீதம் பலம் ஏறும். பேச்சுக்கு இடமில்லை. அனுப்ப முடிந்தது ஐந்தே ஐந்து தயார் வார்த்தை: நல்ல அடி, ஐயோ, யோசிக்கிறேன், நன்றி, போச்சு. இதில் முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. மூன்று நாளுக்குள் டர்ன் எடுக்காவிட்டால் ஆட்டம் கலைந்துவிடும்.

நாத்தனாருக்கு அண்ணி வைத்த பெயர் வாலு. டவுன் பஸ் ஓட்டுகிற வாலு. பஸ் கடைசி நிறுத்தத்தில் நிற்கிற ஏழு நிமிஷத்தில் டர்ன் போட்டுவிடுவாள், போட்டதும் ஒரு ஐயோ அனுப்புவாள். ஜெயித்தாலும் ஐயோதான். அண்ணிக்கு அந்த ஐயோவைப் பார்த்தால்தான் அன்றைய டீ இறங்கும்.

இரண்டு பேரும் கடைசியாக வாய்விட்டுப் பேசியது, விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்தான அன்றைக்கு. வாலு போனில் அழுதாள். ஒரு பக்கம் கூடப் பிறந்த அண்ணன், ஒரு பக்கம் அண்ணி, தான் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டாள். அண்ணிக்கு அன்றைக்கு இருந்த எரிச்சலில், யார் பக்கமும் நிற்க வேண்டாம், போனை வை என்று சொல்லிவிட்டாள். சொன்ன அடுத்த நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள், என்ன பிரயோஜனம். மறுநாள் பதினொன்று பத்துக்குப் போனைத் திறந்தால், வாலு ஆட்டுமந்தைச் சீட்டைப் போட்டு ஐயோ அனுப்பியிருந்தாள். அண்ணி பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் இரண்டு வருஷமும் பேச்சு கிடையாது, ஆட்டம் மட்டும் உண்டு. ஒன்று முடிந்தால் அடுத்தது, பத்துக்கு எட்டு வாலுவுக்குத்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் விளையாட்டைத் திறந்ததும் ஓர் அறிவிப்பு வந்தது. விளையாட்டை நிறுத்தப் போகிறார்களாம். இனிப் புது ஆட்டம் தொடங்க முடியாது, நடக்கிற ஆட்டம் முடிகிறவரைக்கும் நடக்கலாம். கையில் இருக்கிற இந்த ஒரு ஆட்டம் முடிந்தால் வாலுவும் முடிந்தாள். வேறு என்ன சாக்கில் அவளோடு ஒட்டிக்கொண்டிருப்பது? எந்த உரிமையில்?

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், ஜெயிப்பதில்லை என்று. படைச் சீட்டுகளை எல்லாம் கட்டிலிருந்து கழித்தாள். மதில் பூசுவது, கிணறு தூர் வாருவது, ஆடு மேய்ப்பது என்று உப்புச்சப்பில்லாத சீட்டாகப் பார்த்துச் சேர்த்தாள். ஆச்சரியம், வாலுவும் அன்றிலிருந்து சொதப்ப ஆரம்பித்தாள். எப்போதும் பதினைந்து நாளில் கோட்டையை இடித்துத் தள்ளுகிறவள், மாதக்கணக்கில் வேலி கட்டிக்கொண்டிருந்தாள். டர்ன் வருகிற நேரமும் முன்பே மாறியிருந்தது. பஸ் நேரத்துக்கு வராமல், ஆபீஸ் நேரத்துக்கு டாண் டாணென்று வந்தது. அவள் கையில் இடது ஓரத்துச் சீட்டு ஒன்று அசையவே இல்லை. பாவம், ஏதோ உதவாக்கரைச் சீட்டு மாட்டிக்கொண்டது போல என்று அண்ணி உச்சுக்கொட்டினாள். நல்லவேளை, நான் விட்டுக்கொடுத்து ஓட்டுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பெண் என்றைக்கோ தோற்றிருப்பாள் என்று தனக்குத்தானே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில்தான் ஒரு வியாழக்கிழமை, இடைவேளையில் போனைத் திறந்த அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாலுவின் டர்ன் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம் என்று சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் வரவில்லை, சரி, வேலை இருந்திருக்கும். இரண்டாம் நாளும் வரவில்லை. அண்ணி மனதுக்குள் வாலுவைத் திட்டினாள், திமிர் பிடித்தவள் என்றாள். மூன்றாம் நாள் திட்டு வரவில்லை, பயம்தான் வந்தது. பஸ் ஓட்டுகிற பெண், எங்கேயாவது என்னவாவது ஆகியிருந்தால்? தனக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

தட்டு வாங்க வந்த சொட்டு மருந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, இதற்கு ஏன் இவ்வளவு தவிப்பு, நம்பர் இருக்கிறது, கூப்பிட்டுக் கேட்டால் ஆயிற்று என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணி அந்த நம்பரை நான்கு தடவை எடுத்து நான்கு தடவையும் வைத்தாள். ஐந்தாவது தடவை விரல் தானாக அழுத்திவிட்டது.

எடுத்தது வாலுவின் புருஷன். அண்ணி அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா! கோவிச்சுக்காதீங்கக்கா. மூணு நாளைக்கு முன்னாடியே உங்களுக்கு போன் பண்ணச் சொன்னா, இருந்த பதட்டத்துல சுத்தமா மறந்தே போயிட்டேன்."

வாலு பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரத்த அழுத்தம் ஏறியதில் மூன்று நாள் முன்னதாகவே சேர்த்து, போனைத் தொடவே கூடாது என்று டாக்டர் வாங்கி வெளியே கொடுத்துவிட்டார். இப்போதுதான் பிரசவ அறைக்குள் கூட்டிப் போயிருக்கிறார்கள். தம்பி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். கர்ப்பமா? ஒன்பது மாதமா? டர்ன் ஆபீஸ் நேரத்துக்கு மாறியது ஏன் என்று இப்போதுதான் அண்ணிக்குப் புரிந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியை பஸ் ஓட்ட விடாமல் டிப்போ மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஆற்றாமையாக இருந்தது. அந்த ஆற்றாமையோடு ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. முன்னாள் புருஷன் அங்கே இருப்பானோ என்று ஒரு நொடி தயங்கினாள். அவன் வெளியூரில் வேலையாக இருந்தான், ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறானாம். தம்பி தனியாக, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, நடைவழியை அளந்துகொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் வாலுவின் போனை அவள் கையில் திணித்தார்.

"உள்ள போறப்பகூட இதைத்தான்க்கா சொன்னா. ஆட்டம் கலைஞ்சிடக் கூடாதாம். என் டர்னை அண்ணியே போடட்டும்னா."

முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது. அண்ணி உட்கார்ந்து, வாலுவின் போனில் அந்த விளையாட்டைத் திறந்தாள். எதிராளியின் கையை முதல் தடவையாக முகம் பார்க்கிறாள். வேலி, ஆட்டுமந்தை, இன்னொரு வேலி, வைக்கோல்போர். எல்லாம் சோதாச் சீட்டு. இடது ஓரத்தில் அந்த அசையாத சீட்டு.

அது வெள்ளம்.

விளையாட்டிலேயே பெரிய சீட்டு அதுதான், எவ்வளவு பலம் ஏறியிருக்கிறதோ அத்தனை கல்லை அடித்துக்கொண்டு போகும். அண்ணி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூலையில் அறுபத்தொன்று என்று இருந்தது. அறுபத்தொரு சுற்றாகக் கையில் வைத்திருக்கிறாள், அறுபத்தொரு பலம் ஏறியிருக்கிறது. அண்ணியின் கோட்டையில் இருந்ததோ மொத்தமே பன்னிரண்டு கல். விரலால் எண்ணிப் பார்த்தாள். விளையாட்டை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்த நாளில் கைக்கு வந்த சீட்டு. இரண்டாம் வாரமே போட்டிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும்.

அண்ணி போட்டுக்கொண்ட சபாஷ் எல்லாம் அந்த நாற்காலியிலேயே வழிந்து போயிற்று. நான் இவளுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்தேனே, என்ன ஒரு நினைப்பு! தலையில் அடித்துக்கொண்டாள், சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். தம்பி பயந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணி வாலுவுக்காக ஆட்டுமந்தைச் சீட்டைப் போட்டாள். போட்டுவிட்டு, வழக்கம் மாறாமல் ஐயோவையும் அனுப்பிவைத்தாள். தன் பையில் இருந்த போன் டிங் என்றது.

மதியம் மூன்று மணிக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். தம்பி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார், பொத்தானை அண்ணிதான் சரியாக மாட்டிவிட்டாள். ஐந்து மணிக்கு உள்ளே விட்டார்கள். வாலு வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள், கண் மட்டும் பழைய கண். அண்ணியைப் பார்த்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"என்ன போட்டீங்க?"

"ஆட்டை மேய விட்டேன்."

வாலு சிரித்தாள், வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ பாத்துட்டீங்க."

"பாத்தேன். அறுபத்தொண்ணு. நல்லா வந்து வாச்சடி எனக்கு." அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கினாள். "ஏன்டி, வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"எப்படிச் சொல்றது? இருக்கிற அஞ்சு வார்த்தையில எதை அனுப்பறது? கூப்பிடலாம்னு எத்தனையோ தடவை எடுத்தேன். போனை வைன்னு நீங்க சொன்னது காதுலயே நின்னுச்சு."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குச் சொன்னது தப்பு, கோபம் உன் மேல் இல்லை, உன்னை ஒரு நாளும் வேண்டாம் என்று நினைத்ததில்லை என்று, இரண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை எல்லாம் சொன்னாள். வாலு தலையணையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அண்ணி தன் போனை எடுத்துத் தன் டர்னுக்கு ஏதோ ஒரு கிணற்றைத் தூர் வாரிவிட்டு, வாலுவின் போனை அவள் கையில் கொடுத்தாள்.

"இப்ப உன் டர்ன். வெள்ளத்தைப் போடு."

"போட்டா முடிஞ்சிடும் அண்ணி."

"முடியட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நான் என்ன சீட்டுக்குள்ளயா குடியிருக்கேன்? போடுடி."

வாலு ரொம்ப நேரம் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு போட்டாள். அண்ணியின் போனில் நீலமாகத் தண்ணீர் வந்து, பன்னிரண்டு கல்லையும், கிணற்றையும், ஆடுகளையும் அடித்துக்கொண்டு போயிற்று. ஆட்டம் முடிந்தது என்று வந்தது. கீழே, மறுபடி விளையாட விருப்பமா என்று எப்போதும் வருகிற பொத்தான் வரவில்லை. அண்ணி 'நல்ல அடி' என்று அனுப்பினாள். பக்கத்துத் தொட்டிலில் குழந்தை வீல் என்றது.

மறுநாள் பதினொன்று பத்துக்கு அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, திறக்க ஒன்றும் இல்லை. வீறாப்பாக வெள்ளத்தைப் போடு என்று சொன்னவள், இப்போது போனைக் கவிழ்த்து வைத்தாள், திருப்பி வைத்தாள். ஆறிக்கொண்டிருக்கும் டீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டு நிமிஷமாயிற்று. போன் அடித்தது. டிங் இல்லை, மணி. அண்ணி எடுத்து ஹலோ சொல்வதற்குள் அந்தப் பக்கம் குழந்தையின் அலறல், அதற்கு மேல் வாலுவின் குரல்.

"அண்ணி, உங்க டர்ன். விடிஞ்சதுலேருந்து நான் தூக்கி, இவர் தூக்கி, நர்ஸு தூக்கி, யாருக்கும் அடங்க மாட்டேங்கிறா. அத்தைக்காரி வந்து தூக்கட்டும்."

அண்ணி டீயை அப்படியே வைத்துவிட்டு, சொட்டு மருந்திடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.