மூக்குப்பட்டை இல்லாத கடிவாளம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் தம்பி சொல்வான். குதிரையின் மூக்கு விஷயத்தில் அது நிஜம்தான். வாயைத் திறக்கவிடாமல் மூக்கைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கிவிட்டு, என் குதிரை எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று பீற்றிக்கொள்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வலித்தால் அது வாயைத் திறக்கத்தான் செய்யும். நீங்கள் திறக்க மாட்டீர்களா? கடிவாளம் தைப்பது என் தொழில். பத்து வருடமாக நான் மூக்குப்பட்டை தைப்பதில்லை, வாயைக் கட்டுவதற்கு வேறு கடை பாருங்கள் என்று வாசலிலேயே பலகை மாட்டியிருக்கிறேன். அதனால் போன வியாபாரம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆகவே எங்கள் ஊர்ப் பல் டாக்டர் கடைக்குள் வந்து, "அக்கா, என் மனைவியோட குதிரைக்கு மூக்குப்பட்டை இல்லாம ஒரு கடிவாளம் வேணும். கொஞ்சம்கூட உறுத்தக் கூடாது" என்றபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அவர் ஒரு தாளை விரித்தார். காதுக்குப் பின்னால் எவ்வளவு அகலம், நெற்றி எவ்வளவு, வாய் எவ்வளவு என்று மில்லிமீட்டர் கணக்கில் எழுதியிருந்தார். எழுத்து அச்சடித்தது மாதிரி இருந்தது.

"தினமும் வாய்க்குள்ளதானே என் பொழப்பு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

குதிரையின் தலையைக் கையால் தடவிப் பார்க்காமல் நான் தோலில் கத்தி வைப்பதில்லை. அன்று அந்தத் தாளைப் பார்த்து மயங்கி, இதுவே போதும் என்று விட்டுவிட்டேன். ஆனாலும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டேன். "நாக்கைக் கம்பிக்கு மேல போடுற பழக்கம் இருக்கா?"

வாய்க்கம்பி நாக்கின் மேல் படிந்திருக்க வேண்டும். கம்பி தொங்கினால், வாயும் திறந்தால், சில குதிரைகள் நாக்கைப் பின்னால் இழுத்துக் கம்பிக்கு மேலே போட்டுக்கொள்ளும். அப்புறம் லகானை இழுத்தால் இரும்பு நேராக ஈறில் இறங்கும். வலி தாங்காமல் குதிரை ஓடும். இழுக்க இழுக்க இன்னும் ஓடும்.

"சேச்சே. அதோட வாய் தங்கம்" என்றார் டாக்டர்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். கம்பியைத் தாங்கும் கன்னவாரில் நான் பக்கத்துக்கு ஐந்து துளை போடுவேன், கம்பியை ஏற்றி இறக்கிக்கொள்ள வசதியாக. அவர் மாதிரிக் கடிவாளத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அஞ்சு ஓட்டை அசிங்கமா இருக்குக்கா. அளவுதான் கச்சிதமா இருக்கே, ஒண்ணு போதும்" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் விரட்டியிருப்பேன். குதிரைமேல் இவ்வளவு பாசம் வைத்த மனுஷனிடம் எப்படி முகத்தை முறிப்பது? ஒன்றே ஒன்று குத்தினேன்.

இரண்டு வாரம் கழித்துக் காலையில் கடிவாளத்தை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். தெருவின் கடைசி வீடு. பின்கட்டில் லாயம், அதற்குப் பின்னால் கல்குவாரிக்குப் போகும் பாதை. டாக்டர் லாயத்து வாசலில் இருந்தார், அவர் மனைவி குதிரையோடு நின்றிருந்தாள். ஒடிசலான பெண். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. சவாரிக்குத் தயாராக பூட்ஸ் போட்டிருந்தாள்.

மாட்டினேன். காதுக்குப் பின்னால் வரும் உச்சிவாரை மெத்தென்று அகலமாகத் தைத்து, காது அடியில் உரசாமல் வளைத்து வெட்டியிருந்தேன். தொண்டைவாருக்குள் நாலு விரல் தாராளமாகப் போனது. நெற்றிப்பட்டை எங்கேயும் பிடிக்கவில்லை. குதிரை தலையைத் தாழ்த்தி நீளமாக ஒரு மூச்சு விட்டது. அவள் முகம் மலர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம்தான் மூக்கின் குறுக்கே அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். வருடக்கணக்கில் பட்டை இறுகி உரசிய இடத்தில் முடி வெள்ளையாகத்தான் முளைக்கும். யாரோ இந்த வாயை விடாமல் கட்டி வைத்திருக்கிறார்கள். காரணம் இல்லாமலா?

வாய் ஓரத்தைப் பார்த்தேன். கம்பி சரியான உயரத்தில் இருந்தால் உதட்டோரம் லேசாகச் சுருங்கும். இங்கே சுருக்கமே இல்லை. கம்பி தொங்கிக்கொண்டு பல்லில் இடித்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதிரை வாயைத் திறந்து நாக்கை உள்ளே இழுத்தது. இழுத்த நாக்கு கம்பிக்கு மேலே வந்து விழுந்தது.

"எப்பவும் இப்படிப் போடுமா?" என்றேன்.

"ஆமாக்கா, குட்டியிலேர்ந்தே" என்றாள் அவள். "போன வருஷம் பட்டை தளர்ந்து, நாக்கை மேல போட்டுக்கிட்டு என்னைத் தூக்கிட்டே ஓடிடுச்சு. இவர்தான் கார்ல பின்னாடியே வந்தார். எல்லாத்தையும் பார்த்தார்."

திரும்பினேன். டாக்டர் குதிரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பியை ஏற்றிவிடலாம் என்று கை தானாகக் கன்னவாருக்குப் போனது. ஏற்றுவதற்குத் துளை இல்லை.

"நாக்கைப் போடாதுன்னு சொன்னீங்களே டாக்டர்."

"சொன்னேனா? வாயைக் கட்டக் கூடாதுன்னு நீங்கதானேக்கா பலகை மாட்டியிருக்கீங்க" என்றார். பிறகு மனைவியிடம், "ஏறும்மா. குவாரி வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வா" என்றார். வலிக்காது, வாயைத் திற என்று சொல்கிற குரல் அது.

அவருடைய போன் அடித்தது. யாரோ நோயாளி. பேசிக்கொண்டே வாசல் கேட் வரை போனார்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "ஏறாதே. இந்தக் கம்பியோட உன்னால இதை நிறுத்த முடியாது. உன் புருஷன் தெரிஞ்சேதான் தைக்கச் சொல்லியிருக்கார். என்கிட்ட பொய் சொல்லியிருக்கார்."

அவள் அலறுவாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "இதுவுமா?" என்றாள்.

"இதுவுமான்னா?" என்றேன்.

"போன மாசம் மாடிப்படி. அதுக்கு முன்னாடி குளியலறை ஹீட்டர். தற்செயல்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்." சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கன்னவாரை ஒரே இழுப்பில் அறுத்தேன். கடிவாளத்தைக் கழற்றிவிட்டுக் குதிரைக்கு வெறும் தலைக்கயிற்றை மாட்டினேன். டாக்டர் திரும்பி வந்தபோது அறுந்த வார் என் கையில் இருந்தது.

"அளவு தப்பாப் போச்சு டாக்டர். குதிரையைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய்த்தான் எடுக்கணும். பிடிச்சுக்க ஆள் வேணும், இவளும் வரட்டும்."

அவர் அறுந்த வாரை வாங்கி விளிம்பை விரலால் தடவினார். கத்தி பட்ட வெட்டு எது, தானாக அறுந்தது எது என்று அவருக்கா தெரியாது? வாரைப் பொறுமையாகச் சுருட்டி என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லதுக்கா. சாயங்காலம் நானே வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். கேட்டை அவரே திறந்துவிட்டார்.

தெருமுனை வரை குதிரையை நடத்திக்கொண்டு வந்தோம். நான் கடைப்பக்கம் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். அங்கே போய் என்ன காட்டுவேன்? நான் வெட்டி, நான் தைத்து, நான் துளை குத்திய ஒரு வார். அவரிடம் கேட்டால் தாளில் அளவைத் தவறி எழுதிவிட்டேன், குதிரைக்கு வலிக்கக் கூடாது என்றுதான் ஆசைப்பட்டேன் என்பார். என் கடைப் பலகையே அவருக்குச் சாட்சி சொல்லும். ஆத்திரத்தில் எனக்குக் கண் கலங்கியது.

"நாக்கைப் போடுற குதிரைன்னு உனக்குத் தெரியுமே. பட்டை இல்லாம ஏற எப்படிம்மா ஒத்துக்கிட்டே?" என்று கேட்டேன். கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அவள்மேல் காட்டினேன்.

அவள் நடந்துகொண்டே சொன்னாள். "நீங்கதான் தைக்கிறீங்க, நான் வீட்ல இல்லாதப்ப வந்து அளவெடுத்துட்டுப் போனீங்கன்னு சொன்னார்க்கா. நீங்க தலையைத் தடவிப் பார்க்காம கத்தி வைக்க மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டுல எதைத் தொட்டாலும் எனக்குப் பயம். இது ஒண்ணுக்குத்தான் பயப்படல."