இக்னாசியோவின் வலது கை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அலுவலகத்தில் என் எதிர் மேசையில் உட்காரும் லொரைன், சிங்கப்பூர்த் தேக்காவின் உணவுக் கடைகளுக்கு நடுவில் என்னை உட்கார வைத்து, ரோஜாக் என்ற கலவைப் பலகாரம் வாங்கிக் கொடுத்து எழுதச் சொன்னது. (ரோஜாக் நன்றாகவே இருந்தது. ஆகவே என் நடுநிலையை ரொம்ப நம்ப வேண்டாம்.)

விஷயம் இதுதான். வரும் சனிக்கிழமை புக்கிட் பாத்தோக்கில் அவள் வீட்டில் ஒரு நன்றிச் செபம் நடக்க இருக்கிறது. அதற்குள் அவள் தன் அம்மாவிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வாய் வரவில்லை.

"நீங்க எழுதுங்க அக்கா. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வந்தா அம்மா படிச்சுடுவாங்க. பூசை முடிஞ்சு வந்ததும் முதல்ல கதைப் பக்கத்தைத்தான் எடுப்பாங்க."

"நீயே சொன்னா ரெண்டு நிமிஷம்."

"அந்த ரெண்டு நிமிஷம்தான் முடியல லா."

பெயர்களையாவது மாற்றட்டுமா என்று கேட்டேன். "மாத்தினா அம்மாவுக்கு எப்படிப் புரியும்?" என்றாள். மற்றவர்களும் படிப்பார்களே என்றேன். "எங்க ஏரியாவுல தமிழ்க் கதை படிக்கிறது அம்மா ஒருத்தர்தான்" என்றாள். இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வலித்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "புக்கிட் பாத்தோக்கில் மழை பிடித்துக்கொண்டபோது லொரைன்—"

வேண்டாம். சிங்கப்பூர்க் கதைகளில் பாதி ஏற்கெனவே நனைந்துதான் இருக்கின்றன.

இரண்டாவது முயற்சி: "அன்புக்குத் தூரம் ஒரு—"

ஐயோ.

நேராகவே சொல்லிவிடுகிறேன். லொரைனுக்குப் பேஸ்பால் பைத்தியம். வேலை விஷயமாக ஒரு முறை அமெரிக்கா போனவள், மற்றவர்கள் சாக்லேட் வாங்கி வரும் ஊரிலிருந்து ஒரு தொப்பியையும் இந்தப் பைத்தியத்தையும் வாங்கி வந்தாள். எந்த அணி என்று சொல்ல மாட்டேன். அடிக்கடி தோற்கிற அணி என்பது போதும். அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் இங்கே காலை. அவள் தஞ்சோங் பகாரில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வரும் ரயிலில் ஆட்டம் பார்ப்பாள். நான் உட்லண்ட்ஸிலிருந்து வரும் ரயிலில் அவளுடைய செய்திகளைப் படிப்பேன். எனக்குக் கிரிக்கெட்டே அரைகுறை. அதைப் பற்றி அவளுக்கு எந்தக் கவலையும் இல்லை.

3

அந்தச் செய்திகளில் சில, அவள் அனுமதியோடு:

"புதுசா ஒருத்தன் வந்திருக்கான் அக்கா. மட்டையைச் சுத்துறது ஈ ஓட்டுற மாதிரி இருக்கு. ஆனா முடி அழகு."

"நம்ம டீம் மேனேஜர் மூஞ்சியப் பாருங்க, லிஃப்ட் வராம நிக்கிறவர் மாதிரி."

"ஈ ஓட்டுறவன் ஹோம் ரன் அடிச்சுட்டான்! நான் முதல்லேருந்தே சொன்னேன்ல?" (சொல்லவில்லை.)

"இன்னைக்கு இக்னாசியோ. யாரும் பேசாதீங்க."

இக்னாசியோ மொந்தால்வோ பந்து வீசுகிறவர். பிட்சர் என்பார்கள். ஆட்டக்காரர்களில் வயதானவர், முன்போல வேகம் இல்லை. அவர் வீசும் நாளில் மட்டும் லொரைன் யாரையும் கிண்டல் செய்ய மாட்டாள். ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் இவர் கதை முடிஞ்சுதுன்னு சொல்றாங்க அக்கா. அவர் பாட்டுக்கு வந்து வீசிட்டுப் போறாரு" என்றாள். முப்பத்தாறு வயதில் கல்யாணமாகாமல் சொந்தக்காரர்களுக்கு நடுவில் உட்கார்கிறவள் அவள். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

4

ஜூன் மாதத்தில் ஒருநாள் காலை, இக்னாசியோ முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறினார்.

அன்று மாலை லொரைன் வீட்டில் அன்பியக் கூட்டம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடிச் செபமாலை சொல்லும் குழு அது. கடைசியில் ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். லொரைன் எப்போதும் உலக சமாதானத்தைச் சொல்லித் தப்பித்துவிடுவாள். அன்று மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"இக்னாசியோவோட வலது கை சீக்கிரம் குணமாகணும்னு..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது வீடு முழுவதும்.

விளையாட்டுக்காரருக்காகச் செபமாலையில் வேண்டிக்கொண்டோமே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வெட்கத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கறிபாப் பலகாரத் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் லொரைனின் அம்மா அந்தோனியம்மாளுக்கு ஒரு மருமகன் கிடைத்துவிட்டார்.

5

அம்மாவின் விசாரணை. லொரைன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

"எந்த ஊருடி?"

"அமெரிக்காம்மா."

"நம்ம சபையா?"

"கத்தோலிக்கர்தான். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சிலுவை போட்டுக்குவாரு."

"என்ன வேலை?"

"ஸ்போர்ட்ஸ் லைன்."

"குடிப்பாரா?"

"எனக்குத் தெரிஞ்சு தண்ணிதான்மா. நிறையக் குடிப்பாரு."

அந்தோனியம்மாள் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி: அவருக்கு உன்னைத் தெரியுமா?

6

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. அன்பியத் தலைவர் சுவிசேஷமுத்து. இக்னாசியோவின் கை குணமாகும்வரை என்று நேர்ந்துகொண்டு அவர் ஆட்டிறைச்சியை விட்டுவிட்டார். முகம் தெரியாத ஒருவரின் முழங்கைக்காக யாராவது மட்டனை விடுவார்களா, வாசகர்கள் நம்புவார்களா என்று கேட்டேன். "நம்பாதவங்க அங்கிள் வீட்டு ஃப்ரிட்ஜைப் போய்ப் பார்க்கட்டும்" என்றாள் லொரைன்.

(மிகைப்படுத்தாமல் இருக்க அவருடைய மகள் ரெனீயின் நோன்பை வெட்டிவிட்டேன். அவள் பபிள் டீயை விட்டிருந்தாள்.)

போன வாரம் இக்னாசியோ மறுபடி களத்தில் இறங்கினார். லொரைன் அறைக்குள்ளிருந்து கத்தினாள்: "கை சரியாயிடுச்சு! கை சரியாயிடுச்சு!"

அடுக்களையிலிருந்து அந்தோனியம்மாள் ஈரக் கையோடு ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். மன்றாட்டு பலித்தால் வீட்டில் நன்றிச் செபம் வைக்க வேண்டும். அன்று சாயந்தரமே தேக்காவில் சம்சுன்னிசா கடையில் பிரியாணிக்குச் சொல்லிவிட்டார். மட்டன் பிரியாணி, சுவிசேஷமுத்துவுக்காக. மருமகன் வீடியோ காலிலாவது வந்து முகம் காட்ட வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்.

7

முடிவு ஒன்று: எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சுவிசேஷமுத்து லொரைனின் அமெரிக்கத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கிறார்.

(லொரைன் இதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். "அங்கிள் சிரிக்க மாட்டாரு. மட்டன் விட்டிருக்காரு லா.")

முடிவு இரண்டு: விஷயம் எப்படியோ இக்னாசியோவின் காதுக்குப் போய், சனிக்கிழமை அவரே வீடியோவில் வந்து—

(இதை இரண்டு முறை படித்தாள். பிறகு இதையும் அடித்தாள்.)

முடிவு மூன்று: அந்தோனியம்மாள் பிரியாணியை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். கொஞ்ச நாளைக்குக் கோயில் பக்கம் போவதில்லை.

இதை அவள் அடிக்கவில்லை. "அம்மா இப்பல்லாம் பாடிக்கிட்டே சமைக்கிறாங்க அக்கா. அதை நான்தான் நிறுத்தணுமா?" என்றாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கிண்டலாகவே எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

8

அந்தோனியம்மாள் ஆன்ட்டி, வணக்கம். மற்ற வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மருமகன் இல்லை. ஆனால் கை இருக்கிறது. அது நிஜமாகவே வலித்தது, நிஜமாகவே குணமானது. முன்பின் தெரியாத ஒருவருக்காக நீங்கள் எல்லாரும் வேண்டிக்கொண்டது அவருக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. உங்கள் மகள் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. நீங்கள் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை வேண்டுமா, வேண்டாமா, வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் வீடு.

அறைக்குள் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. லொரைன் சத்தத்தை அணைத்துவிட்டாள். நீங்கள் பத்திரிகையை மடிக்கும் சத்தம் கேட்கிறதா என்று கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். என்னால் அவளை அதுவரைதான் கொண்டுவர முடிந்தது. கதவைத் திறந்ததும் நீங்கள் சொல்லப்போகும் முதல் வார்த்தை என்னிடம் இல்லை, ஆன்ட்டி.